குரோமில்தான் தம்பி பார்த்தேன்

பொது அலுவலகங்களுக்கு இணையப் படிவம் அமைத்துக் கொடுப்பவர்களுக்கும், அதைப் பார்த்துவிட்டு "சரி, வெளியிடலாம்" என்று கையொப்பமிடுகிறவர்களுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், தட்டச்சு என்று தொடங்கியது. இப்போது பெரும்பாலும் இணையப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. வெருகல், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று நாலா பக்கத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும் வழியில் என் கடைக்குள் நுழைவார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம். "பிள்ளை, இதை ஒன்லைனில்தான் போடவேண்டுமாம்" என்பார்கள். படிவங்கள் சிக்கலாக இருந்தால் உனக்கு இலாபம்தானே என்று நீங்கள் கேட்கலாம். இலாபம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அந்த இலாபத்தை வாங்கும்போது சில நாட்களில் கை கூசுகிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள். எந்த அலுவலகத்தினது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்கள் ஒருவர் மட்டும் திருத்திக்கொண்டு, மற்றவர்கள் தங்களுக்கில்லை என்று இருந்துவிடுவார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வெருகல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகனின் கைத்தொலைபேசியோடு வந்தார். படிவத்தை வீட்டிலேயே நிரப்பிவிட்டார்களாம். "எல்லாம் எழுதியாயிற்று பிள்ளை, அனுப்புகிற பொத்தானைத்தான் காணவில்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன். உண்மையாகவே இல்லை. கடைசிப் பெட்டி பாதி தெரிந்தது. விரலால் எவ்வளவு தள்ளினாலும் அதற்குக் கீழே திரை நகரவில்லை. சரி, கடைக் கணினியில் முதலிலிருந்து போடுவோம் என்று திறந்தால் அங்கே வேறு கூத்து. தலைப்புகளும் பெட்டிகளும் ஒரே ஓட்டமாக ஓடி, வரி முடிந்த இடத்தில் மடங்கி, "தந்தையின் பெயர்" என்பது ஒரு வரியின் நுனியிலும் அதற்குரிய பெட்டி அடுத்த வரியில் "தாயின் பெயர்" என்பதன் முன்னாலும் நின்றன. நான் கவனிக்காமல் நிரப்பியிருந்தால் அந்தப் பெரியவரின் அப்பா அம்மாவாகவும் அம்மா அப்பாவாகவும் அரச பதிவேட்டில் ஏறியிருப்பார்கள்.

உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, குரோமில் முயன்று பாருங்கள்."

"குரோமில்தான் தம்பி பார்த்தேன்."

"அப்படியென்றால் வேறு பிரவுசரில் பாருங்கள்."

அவ்வளவுதான் உரையாடல். அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் நீங்கள் கொடுத்திருந்தது அந்த இரண்டு வசனம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு படிவம் ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் குழம்பியும் வருகிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே எது வேறுபடுகிறதோ அங்கேதான் பிழை ஒளிந்திருக்கிறது. எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று கேட்காத வைத்தியர் உண்டா? எந்தப் பிரவுசர், எத்தனையாவது பதிப்பு, எந்தக் கருவி என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு அன்றைக்கே காரணம் கிடைத்திருக்கும். எனக்கு இரண்டு இரவு பிடித்தது. அக்காவின் மகன் இணையத்தளம் அமைக்கப் படிக்கிறான். எஃப் 12 விசையை அழுத்திப் பக்கத்தின் உட்புறத்தைப் பார்ப்பது எப்படி என்று அவன்தான் காட்டித் தந்தான். மிச்சத்தை நானே தோண்டினேன்.

முதலில் என் கணினி. அதில் ஓடுவது விண்டோஸ் 7. சிரிக்காதீர்கள், ஒரு புதுக் கணினியின் விலை உங்களுக்கும் தெரியும், ஒரு போட்டோ கொப்பியின் விலையும் தெரியும். விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குப் பின் வந்த எந்தக் குரோமும் அதில் ஏறாது. பயர்பொக்ஸ் 115இல் நிற்கிறது. உங்கள் படிவத்துக்கு சிஎஸ்எஸ் (எது எங்கே, எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் விதிகள்) எழுதியவர் விதிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதித்து எழுதியிருக்கிறார். எழுதுகிறவருக்கு வசதியான, அழகான முறை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி எழுதியதை வாசிக்கக் குரோம் பழகியது 112ஆம் பதிப்பில். பயர்பொக்ஸ் 117இல். என்னிடமிருந்த இரண்டுக்கும் ஒரு சில படிதான் குறைவு. சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு: புரியாத விதியைக் கண்டால் பிரவுசர் சத்தம் போடாது, எச்சரிக்காது, அதைத் தாண்டி அடுத்த விதிக்குப் போய்விடும். பெட்டிகளை நிரலாக நிறுத்தும் விதிகள் அத்தனையும் பொதிக்குள் இருந்தன. பொதி திறபடவில்லை. பெட்டிகள் எங்கள் ஊர் வீதியில் மான்கள் நிற்பதுபோல் விரும்பிய இடத்தில் நின்றன. பொதியைப் பிரித்து விதிகளைத் தனித்தனியாக எழுதித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெளியிடுவதற்கு முன் ஒரு தடவை ஓடவிட்டிருந்தால் என் இரண்டு இரவும் எனக்கே மிஞ்சியிருக்கும்.

இனிப் பெரியவரின் பொத்தான். படிவத்தின் உயரம் இவ்வளவு என்று சொல்லும் இடத்தில் 100 வீஎச் என்று எழுதியிருந்தது. அதாவது திரையின் உயரம் முழுவதும். கணினியில் அது ஒழுங்காக வரும். கைத்தொலைபேசிப் பிரவுசர்கள் அந்த உயரத்தை, மேலே உள்ள முகவரிப் பட்டி மறைந்திருக்கும் நிலையை வைத்து அளக்கின்றன. பட்டி வெளியே இருக்கும்போது, பட்டியின் அளவுக்குப் படிவத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. வழமையாக விரலால் தள்ளினால் மேலே வரும். நீங்கள் பக்கம் உருளாதபடி பூட்டியும் வைத்திருந்தீர்கள். பொத்தான் இருந்தது, பார்க்கத்தான் வழியில்லை. இதற்கென்றே, பட்டி போக மிஞ்சும் உயரத்தை மட்டும் அளக்கும் டீவீஎச் என்று ஓர் அலகு 2022இலேயே பெரிய பிரவுசர்களில் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். படிவத்துக்கு உயரமே சொல்லாதீர்கள். கடதாசிப் படிவம் மூன்று பக்கம் இருந்தால் மூன்று பக்கம் இருக்கும், அதை யாரும் ஒரு பக்கத்துக்குள் மடித்துப் பூட்டுவதில்லை.

அன்று எப்படித் தப்பினோம் என்றால், பாதி தெரிந்த கடைசிப் பெட்டியில் விரலை வைத்து, எழும்பிய விசைப்பலகையின் வலது மூலையிலிருந்த அம்புக்குறியை அழுத்தினேன். ஒழுங்காக அமைத்த படிவமென்றால் அந்த விசையும் அனுப்பும் பொத்தானின் வேலையைச் செய்யும். படிவம் போய்விட்டது. மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்கு மூடுவதாக இருந்தது. "பொத்தான் இல்லாமலே அனுப்பிவிட்டாயே பிள்ளை" என்று பெரியவர் என்னைச் சூனியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காசு கொடுத்தார். வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஐபோன் 7 ஒன்றோடு ஒரு தங்கச்சி வந்தார். வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பியதாம். அவருக்கும் உதவி இலக்கத்தில் அதே மந்திரம்: குரோமைத் தரவிறக்குங்கள். தரவிறக்கினார், எதுவும் மாறவில்லை. மாறாது. ஐபோனில் குரோம் என்ற பெயரோடு ஓடுவதும் உள்ளே சஃபாரியின் வெப்கிட்தான், அதாவது பக்கத்தை வாசித்துத் திரையில் வரையும் அதே இயந்திரம்தான். அப்பிள் போட்ட விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் அதைத் தளர்த்தினார்கள். திருகோணமலை அந்த ஒன்றியத்தில் இல்லை. ஐபோன் 7 ஐஓஎஸ் 15ஐத் தாண்டாது, அதன் வெப்கிட்டும் அதோடு நின்றுவிடும். நீங்கள் பொதித்து எழுதிய விதி அங்கேயும் வாசிக்கப்படாது. சிலர் எட்ஜில் பாருங்கள் என்றும் சொல்கிறார்கள். எட்ஜ் 2020இலிருந்து குரோமின் அதே பிளிங்க் இயந்திரத்தில் ஓடுகிறது. பெயர்ப்பலகைகள் எத்தனை இருந்தாலும் சமையல் நடக்கிற குசினிகள் பிளிங்க், கெக்கோ, வெப்கிட் என்று மூன்றுதான். ஆகவே "வேறு பிரவுசர்" என்று சொல்லும்போது பெரும்பாலும் அதே குசினியின் மற்ற வாசலைக் காட்டுகிறீர்கள்.

அந்தத் தங்கச்சியின் திரையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரு பெட்டியைத் தொட்டால் திரை திடீரென்று பெரிதாகி, படிவத்தின் வலப்பாதி வெளியே போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு விரலால் சுருக்கிச் சுருக்கி நிரப்பினோம். பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் அப்படித்தான் செய்யும். நீங்கள் 14 வைத்திருந்தீர்கள். 16 ஆக்கினால் முடிந்தது. ஆனால் உங்களில் யாரோ இதை முன்பே கண்டுபிடித்து, எழுத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, திரையைப் பெரிதாக்குவதையே தடுக்கும் வரியைச் சேர்த்திருக்கிறார். ஐஓஎஸ் 10 முதல் சஃபாரி அந்த வரியைப் பொருட்படுத்துவதில்லை. அன்ட்ரொயிட்டின் குரோம் பொருட்படுத்துகிறது. நோய் ஐபோனுக்கு, மருந்தைக் குடித்தது அன்ட்ரொயிட். கண் மங்கிய பெரியவர்கள் விரலை விரித்துப் பார்த்து, விரியாமல், கைத்தொலைபேசி பழுதாகிவிட்டதோ என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

அடையாள அட்டை இலக்கத்துக்கான பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2016க்கு முன் பெற்ற அட்டைகளில் ஒன்பது இலக்கத்தோடு இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். புதியவற்றில் 12 இலக்கம். அந்தப் பெட்டியை எண் மட்டும் ஏற்கும் வகையாக வைத்திருக்கிறீர்கள். என் குரோம் வீயைத் தட்டவே விடாது. என் பயர்பொக்ஸ் தட்ட விடும், பிறகு சிவப்புக் கோடு போட்டு எண்ணைத் தா என்று கேட்கும். நாட்டில் வயதானவர்கள் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையை உங்கள் பெட்டிக்குத் தெரியாது! அடையாள இலக்கம் என்பது கூட்டிக் கழிக்கும் எண்ணா? எழுத்துப் பெட்டியாக வையுங்கள். பிறந்த திகதியும் இப்படித்தான். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து ஒரு திரையில் மாதம் முன்னால் வரும், இன்னொன்றில் நாள் முன்னால் வரும். 07/05 என்றால் மே மாதமா யூலையா என்று நான் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்கிறேன். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிப் பெட்டி இருந்தால் கேட்கத் தேவையில்லை.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் எரிவது இங்கேதான்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆகையால் படிவத்தின் மேல் மூலையில் "தமிழ்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நன்றி. ஆனால் படிவத்தை வரைந்தது ஆங்கிலத்தில், அளந்தது ஆங்கிலத்தில், சோதித்ததும் ஆங்கிலத்தில் என்பது அந்தப் பொத்தானை அழுத்தியவுடன் தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டு விரல் அகலத்தில் அடங்கும் தலைப்பு தமிழில் "பிறப்புச்சான்றிதழிலுள்ளவாறான முழுப்பெயர்" என்று வருகிறது. அதன் முதற்சொல்லை எங்கே முறிப்பது என்று பிரவுசருக்குத் தெரியாது; முறிக்கலாம் என்று நீங்கள் சொல்லவுமில்லை. சொல் நீளும் அளவுக்கு அந்த நிரல் விரிகிறது, எதிரே உள்ள பெட்டி திரைக்கு வெளியே தள்ளப்படுகிறது. ஒரு கருவியில் தள்ளப்பட்டு இன்னொன்றில் தப்பிப்பதற்குக் காரணம் எழுத்துரு. விண்டோஸ் 7இல் லதா, விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா, அன்ட்ரொயிட்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். ஒரே சொல்லுக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அகலம், ஒவ்வோர் உயரம். பெட்டியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து ஆணி அடித்துவிட்டீர்கள். ஒன்றில் "முழு" என்பதன் ழுவுக்கு வால் இருக்கிறது, மற்றதில் வாலை வெட்டிவிட்டது. இன்னொன்று: பக்கத்துக்கு நல்ல தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் பெட்டிகளும் பொத்தான்களும் அதைத் தாமாக ஏற்பதில்லை. ஏற்கும்படி ஒரு வரி தனியாக எழுதவேண்டும். எழுதாததால் தலைப்பு ஒரு முகத்திலும் பெட்டிக்குள் இருக்கும் பெயர் வேறொரு முகத்திலும் தெரிகிறது.

எழுத்துக் கணக்கும் இருக்கிறது. திருகோணமலை என்பது நாம் எண்ணினால் ஆறு எழுத்து. பிரவுசர் எண்ணினால் 10. உயிர்க்குறிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஈச்சிலம்பற்று நமக்கு எட்டு, அதற்கு 13. முகவரி வரிக்கு ஆங்கிலத்தை நினைத்து எல்லை வைத்தால் எங்கள் ஆட்களுக்கு ஊர் பாதியில் முடிந்துவிடும். ஒருவர் நான்கு தடவை முயன்றும் "ஈச்சிலம்ப" வரைக்குமே போக முடிந்தது.

இதில் எல்லாப் பழியும் உங்களுடையது என்று சொல்லமாட்டேன். இன்னமும் பாமினி என்ற, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பழைய எழுத்துருவில் தட்டிய பெயரைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஒட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டினால் பெட்டிக்குள் ஆங்கிலக் குப்பைதான் விழும். அதை நான் திருப்பித் தட்டிக்கொள்கிறேன். முகநூலில் வந்த இணைப்பை முகநூலுக்குள்ளேயே திறந்து நிரப்பித் தவிப்பவர்களுக்கும், அதைப் பிரவுசரில் திறக்கும்படி நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

நான் தட்டச்சுப் பழகிய காலத்தில் ஆங்கில யந்திரங்களில் இரண்டு வகை இருந்தன. பைக்கா என்றால் ஓர் அங்குலத்தில் 10 எழுத்து விழும், எலைட் என்றால் 12. அச்சடித்த படிவத்தின் புள்ளிக்கோட்டில் பெயர் அடிக்கும்போது யந்திரம் மாறினால் எழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போகும். எங்களுக்குக் கற்பித்த ரீச்சர் யந்திரம் எந்த வகை என்று பார்க்காமல் தாளைச் சுற்றவிடமாட்டார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கும் இது புரியும். ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. உள்ளூர்க்காரர் எவரும் முதலில் கையை வைத்துப் பார்க்காமல் குழந்தையின் தலையில் வாளியைக் கவிழ்ப்பதில்லை.

படிவம் அமைக்கிறவர்களே, எங்கே பிழை என்று தேட நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு இது அரிச்சுவடியாக இருக்கலாம். இரண்டு திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எல்லாப் பெட்டிகளுக்கும் சிவப்பு விளிம்பு போட்டேன். எது எதை இடிக்கிறது என்று உடனே தெரிந்தது. பிறகு படிவத்தில் பாதியை நீக்கிப் பார்த்தேன். குழப்பம் தீர்ந்தால் பிழை நீக்கிய பாதியில், தீராவிட்டால் மிஞ்சிய பாதியில். மீண்டும் பாதி. ஐந்தாறு தடவையில் ஒரே ஒரு பெட்டி கையில் நின்றது. வலப்பக்கம் 26 பிக்சல் துருத்திய பெட்டி ஒன்றை அப்படித்தான் பிடித்தேன். அகலம் முழுவதும் என்று சொல்லிவிட்டு, உள்ளே பக்கத்துக்கு 12 இடைவெளியும் ஒன்று விளிம்பும் கூட்டியிருந்தீர்கள். எழுதும் பெட்டி அவற்றை அகலத்துக்கு வெளியே சேர்க்கும், தெரிவுப் பட்டியல் அகலத்துக்குள்ளேயே அடக்கும். அதனால்தான் இரண்டும் ஒரே நிரலில் நேராக நிற்கவில்லை. இடைவெளியையும் விளிம்பையும் அகலத்துக்குள்ளேயே அடக்கச் சொல்லும் போர்டர்-பொக்ஸ் என்று ஒரு வரி போதும்.

கையொப்பமிடுகிற ஐயாமார், அம்மாமார்களுக்கு: உங்கள் மேசைக் கணினியில் அமைத்தவரே திறந்து காட்டும் படிவத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, விலை குறைந்த அன்ட்ரொயிட் ஒன்றில், பழைய ஐபோன் ஒன்றில், உங்கள் அலுவலகத்திலேயே மூலையில் கிடக்கும் பழைய கணினியில், அனுப்பிய பின் வரும் இலக்கம் கைக்கு வரும்வரை நீங்களே நிரப்பிப் பாருங்கள். அச்சிட்டும் பாருங்கள், ஒரு பிரவுசரில் கையொப்பக் கோடு முதற்பக்கத்தில் வருகிறது, மற்றதில் அந்தக் கோடு மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது, பிறகு உங்கள் கருமபீடத்திலேயே "இது முழுமையான படிவம் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதுவரை, படிவம் எவருக்காவது திறபடவில்லை என்றால் கடைசித் திகதிக்குள் கடதாசியில் தருவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் கடை ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை எட்டரைக்குத் திறக்கும். விண்டோஸ் 7 கணினி யன்னலோரம் இருக்கிறது. திரை வெடித்த அன்ட்ரொயிட் ஒன்றும் உண்டு. ஐபோன் 7 தங்கச்சி செவ்வாய்க்கிழமைகளில் வருவார், கேட்டால் ஐந்து நிமிடம் தருவார். நீங்கள் ஒரு முற்பகல் வந்து உட்காருங்கள், தேநீர் என் செலவு. பத்து மணிக்கு மூதூர் பஸ் வந்துவிடும். அதற்குப் பிறகு கதிரை கிடைக்காது.

இப்படிக்கு,
திருகோணமலையில் தட்டச்சுக் கடை நடத்தும் ஒருத்தி